கடல் கடந்து கற்ற கணிதமேதை

 

ஆண்டுதோறும் நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது வழக்கம். இவ்வாண்டு அப்பணியைச் சங்கத்துப் பெரியவர்கள் அடியேனிடம் ஒப்படைத்தனர். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பு நின்றுபோய், இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலங்கழித்து வரும் எனக்குப் பதிவேடு எழுதிப் பழக்கமுண்டேயன்றிக் கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ஆயினும், நானும் ஒரு குமாஸ்தா என்னும் உரிமை ஒன்று எனக்குண்டு. மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்து, உலகம் போற்றும் கணிதமேதையாக உயர்ந்த சீனிவாச இராமானுஜன் அவர்களின் வரலாற்றை அவ்வுரிமையைக் கொண்டே எழுதத் துணிந்தேன்.

அவருடைய கணிதத்தை விளக்க நான் முற்படவில்லை; அதற்குரிய கல்வி எனக்கில்லை. அவர் ஆங்கில நாட்டில் மாணவராக வாழ்ந்த ஐந்தாண்டுகளில் என்ன உண்டார், எவ்வாறு உறங்கினார், யாரோடு பழகினார், எதனால் வாடினார் என்பனவற்றையே ஈண்டுக் கூற விரும்புகிறேன். இதற்குக் காரணமும் உண்டு. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் நம் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், நம் பிள்ளைகள் பிழைப்பையும் படிப்பையும் நாடி வெளியூர் செல்வது பெருகிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூர் செல்லும் வண்டியில் அவர்கள் நெருக்கியடித்து ஏறுவதை நான் நாள்தோறும் காண்கிறேன். அவர்களுள் சிலர் இன்று கடல் கடந்தும் செல்கின்றனர். என் மூத்த மகளும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிற்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு விடை நோக்கிக் காத்திருக்கிறாள். அவள் தாய்க்கோ அதில் மனமில்லை. இவ்விருவருக்கும் நடுவில் இருந்துகொண்டுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இளமையும் வறுமையும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள், ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுபவர்; மாணவர் சிலருக்கு வீட்டில் உணவளித்தும் குடும்ப வரவுக்குத் துணை செய்தவர். சாரங்கபாணி சன்னதித் தெருவிலிருந்த சிறிய ஓட்டு வீட்டின் திண்ணையில் அமர்ந்து பலகையில் கணக்குப் போட்டே அச்சிறுவன் வளர்ந்தான்.

பள்ளியில் பரிசு பல பெற்ற அவர், கல்லூரியிலோ தோல்வியையே கண்டார். கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்து பிற பாடங்களைக் கைவிட்டமையால், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப். ஏ. தேர்வில் தேறவில்லை. 1909இல் ஜானகி என்னும் சிறுமியை அவருக்கு மணம் முடித்தனர். மனைவி வந்தாள், வேலை வரவில்லை. கணிதம் எழுதிய நோட்டுப் புத்தகங்களைக் கையில் ஏந்திக்கொண்டு ஒவ்வோர் அலுவலராகக் கண்டு உதவி கேட்டு அலைந்தார். நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் அவர்கள் சிறிது காலம் மாதம் 25 ரூபாய் தந்து ஆதரித்தார். 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

அங்கே அவருக்கு வாய்த்த மேலதிகாரிகள் நல்லவர்கள். தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவர்களும் இவ்விளைஞரின் திறத்தை உணர்ந்து துணை நின்றார். கணக்கு எழுதும் வேளை போக எஞ்சிய வேளையில், பொட்டலம் கட்டி வந்த தாள்களைப் பொறுக்கி அவற்றின்மீது கணிதம் எழுதினார் இராமானுஜன். கீழே இருப்பவன் ஒருவனிடம் தம்மினும் மேலான ஆற்றல் இருப்பதைக் கண்டு, அதனை மறைக்காமல் உயர்த்திவிட்ட அவ்வதிகாரிகளை, அலுவலகத்தில் காலங்கழிக்கும் என்னைப் போன்றோர் எங்ஙனம் வாழ்த்தாதிருப்பது!

1913ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டி அவர்களுக்குத் தம் தேற்றங்கள் சிலவற்றை எழுதி அனுப்பினார். பெயரறியாத குமாஸ்தா ஒருவரின் கடிதத்தை ஹார்டி குப்பைக்கூடையில் எறிந்துவிடவில்லை. தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்தார். எழுதியவர் பெரும் மேதை என முடிவு செய்தார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்கவும் விரும்பினார். இதற்கிடையே சென்னைப் பல்கலைக்கழகமும் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது.

கப்பலேறிய வரலாறு

கடல் கடப்பது அக்காலத்து வைணவ அந்தணர் குடும்பத்தில் சாதி விலக்குக்குரிய செயல். தாயார் இசையவில்லை, மகனும் முதலில் மறுத்தார். பின்னர் நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றித் தடை செய்ய வேண்டாவெனப் பணித்ததாகக் கூறித் தாயார் இசைந்தார் என்பது அக்குடும்பத்தார் சொல்லி வந்த செய்தி. கனவின் உண்மையை ஆராய்வது நம் வேலையன்று. மகனை அனுப்ப வேண்டிய வேளை வந்தபோது ஒரு தாயின் உள்ளம் எத்துணைப் போராடியிருக்கும் என்பதை, பிள்ளை பெற்றோர் அனைவரும் அறிவர்.

பயணத்திற்கு முன்னர் அவருடைய குடுமி நீக்கப்பட்டது. ஐரோப்பிய உடை தைக்கப்பட்டது. அக்கோலத்தில் தம்மைக் கண்டால் தாயும் மனைவியும் மனம் நோவரெனக் கருதி, இருவரையும் முன்னதாகவே கும்பகோணத்திற்கு அனுப்பிவிட்டார். ஆகவே, 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு நீங்கியபோது, வழியனுப்பக் கூடியிருந்தவர்களுள் அவ்விருவரும் இல்லை. எந்தத் துறைமுகத்தின் கணக்கை எழுதினாரோ, அந்தத் துறைமுகத்திலிருந்தே அவர் கப்பலேறினார்.

ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார். முன்பு சென்னைக்கு வந்து அவரை இசைவித்த நெவில் என்னும் இளம் பேராசிரியர், தம் தமையனாருடன் மோட்டார் வண்டி கொண்டுவந்து அவரை எதிர்கொண்டார். சில நாள் இலண்டன் குரோம்வெல் சாலையில் இந்திய மாணவர் தங்கும் விடுதியில் இருந்தபின், கேம்பிரிட்ஜில் நெவில் இல்லத்திலேயே தங்கினார். நெவில் தம்பதியர் அவரை வீட்டுப் பிள்ளைபோல் போற்றினர். ஜூன் திங்களில் டிரினிட்டிக் கல்லூரியின் அறை ஒன்றிற்குக் குடிபெயர்ந்தார்.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. அதில் 50 பவுன் கும்பகோணத்துக் குடும்பத்திற்கு ஒதுக்கப்பட்டது. டிரினிட்டிக் கல்லூரி தன் பங்காக 60 பவுன் அளித்தது. ஆகப் பணமுடை அங்கே அவருக்கு இல்லை. அவரை வருத்தியவை பணத்தால் தீராத வேறு சில.

கம்பளியும் ரசமும்

அவற்றுள் முதலாவது குளிர். கேம்பிரிட்ஜில் அவருடன் பயின்ற வங்காள மாணவர் மகலனோபிஸ் ஒருநாள் அவர் அறைக்குச் சென்றார். இராமானுஜன் கணப்பின் அருகே ஒடுங்கி அமர்ந்திருந்தார். இரவில் உடலுக்குக் கதகதப்பு உண்டா என்று நண்பர் வினவ, மேலங்கியை அணிந்து சால்வையையும் போர்த்துப் படுத்தும் குளிர் தாங்கவில்லை என்று இவர் கூறினார். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கம்பளிகள் பல அங்கே இருந்தன! ஆங்கிலேயர் முறைப்படி மேல்விரிப்பின் கீழ் அவற்றை விரித்து ஓரங்களை மெத்தையின் அடியில் இறுகச் செருகியிருந்தனர். அவற்றிற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அறியாமல், இவர் மேல்விரிப்பின்மீதே நாள்தோறும் படுத்து நடுங்கியிருக்கிறார். நண்பர் விரிப்பைத் திறந்து படுக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தார்.

இதனைச் சிலர் நகைச்சுவைக் கதையாகக் கூறுவர். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. உலகில் எவருக்கும் விளங்காத கணக்குகள் விளங்கிய ஒருவருக்குக் கம்பளி இருந்த இடம் விளங்கவில்லை. அதைக் கேட்டறிவதற்கும் நாணம் தடுத்திருக்கும். அயலூரில் புதிதாக வந்தவன் அறியாதது கல்வியன்று; அவ்வூரார் அனைவருக்கும் தெரிந்திருப்பதால் எவரும் சொல்லித் தராத சிறு செய்திகளே. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்துப் பெரும்புகழ் எய்தியவர் மகலனோபிஸ். ஆயினும் அன்று அவர் செய்த அச்சிறு உதவியை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

இரண்டாவது உணவு. புலால் உண்பதில்லை என்ற உறுதியை இராமானுஜன் இறுதிவரை கைவிடவில்லை. கல்லூரி உணவுக்கூடத்தில் சமைக்கும் காய்கறியும் எந்தக் கொழுப்பில் வெந்ததோ என்று ஐயுற்று, தம் அறையிலேயே எரிவாயு அடுப்பில் தாமே சமைத்துக்கொண்டார். சமைக்கத் தொடங்குமுன் ஆங்கில உடையைக் களைந்து வேறு உடை அணிந்துகொள்வார். கணிதத்தில் ஆழ்ந்துவிட்டால் ஒரு நாளைக்கு ஒருமுறை, சில வேளை இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் சமையல். சோறும் உப்பும் எலுமிச்சைச் சாறும் இருந்தால் எத்தனை நாளும் காலந்தள்ள முடியும் என்று நண்பர் ஒருவருக்கு எழுதினார். நாவை அடக்கிவிட்டதாக அவர் கருதினார். உடம்போ அதனை ஒப்புக்கொள்ளவில்லை.

அடுப்படியிலும் அவர் மேதைதான். 1914ஆம் ஆண்டு டிசம்பரில் பத்திரிகை ஒன்றில் வந்த புதிரை மகலனோபிஸ் படித்துக் காட்டினார். ஒரு தெருவின் ஒரு பக்கத்தில் வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசையாக எண்ணிட்டிருக்கிறது. ஒரு வீட்டின் இடப்புறத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அவ்வீட்டின் எண் யாது என்பது புதிர். வாணலியில் காய்கறியைக் கிளறிக்கொண்டே, அத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் பொது விடையைச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார் இராமானுஜன். 288 வீடுகள் உள்ள தெருவில் 204ஆம் எண் வீடே புதிருக்குரிய விடை. விடுமுறை நாளில் நம் பிள்ளைகள் கூட்டிப் பார்த்துக்கொள்வார்களாக!

விருந்தோம்புவதில் அவருக்குப் பேரார்வம். ஒருமுறை சட்டர்ஜி என்னும் இந்திய மாணவரையும், அவர் மணக்கவிருந்த பெண்மணியையும், மற்றொரு பெண்மணியையும் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்தார். தாமே சமைத்த ரசத்தைப் பரிமாறினார். விருந்தினர் சுவைத்துப் பருகினர். இரண்டாம் முறையும் பெற்றனர். மூன்றாம் முறை பெண்கள் போதுமென்றனர். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் விருந்தளித்தவரைக் காணோம்! அவர்கள் நெடுநேரம் காத்திருந்து கீழே சென்று வினவியபோது, அவர் வாடகை மோட்டாரில் ஏறிச் சென்றுவிட்டதாக வாயிற்காவலர் தெரிவித்தார். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டு நகரிலிருந்து ஐந்து பவுன் அனுப்புமாறு சட்டர்ஜிக்குத் தந்தி வந்தது. தாம் பரிமாறியதை அப்பெண்மணிகள் மறுத்ததில் மனம் நொந்து அவ்வாறு சென்றதாகப் பின்னர் உரைத்தார். மறுத்தவர்கள் வயிறு நிறைந்து மறுத்தனர். தம் கையால் ஆக்கியதை அவர்கள் தள்ளிவிட்டதாக இவர் கொண்டார். தனிமையில் நெடுநாள் வாழ்வோரின் உள்ளம் எத்துணை மெல்லியதாகிவிடுகிறது!

போரும் தனிமையும்

அவர் கேம்பிரிட்ஜில் நிலைபெறுவதற்குள், 1914ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் முதல் உலகப்போர் மூண்டது. டிரினிட்டிக் கல்லூரியின் முற்றம் ஒன்று காயமுற்ற வீரர்க்கு மருத்துவமனையாயிற்று. மாணவர்கள் போர்க்களம் சென்றனர். லிட்டில்வுட்டும் போர்ப்பணிக்குச் சென்றார். கறியும் மீனும் உண்ணாதவருக்குரிய காய்கறியும் பாலும் கிடைப்பது அரிதாயிற்று. கல்லூரி உணவுக்கூடத்தில் பலரோடு அமர்ந்து உண்டால் அங்கே பேச்சும் நட்பும் வளரும். தனியே சமைத்துண்ட இராமானுஜனுக்கு அவ்வாய்ப்பும் இல்லாது போயிற்று. ஹார்டி நாள்தோறும் அவருடன் கணிதம் பேசினார். ஆனால் உண்டீரா, உறங்கினீரா என்று கேட்கும் இயல்பு அவ்விருவரிடையே அமையவில்லை. முப்பது மணி நேரம் தொடர்ந்து உழைப்பதும், பின்னர் நெடுநேரம் உறங்குவதுமாக நாட்கள் கழிந்தன.

உழைப்பு வீண் போகவில்லை. 1916ஆம் ஆண்டு மார்ச்சில் ஆராய்ச்சிக்காகப் பட்டம் பெற்றார். எப். ஏ. தேறாதவர் கேம்பிரிட்ஜ்ப் பட்டதாரியானார். ஓர் எண்ணை எத்தனை வகையாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதற்கு ஹார்டியும் அவரும் சேர்ந்து வழி கண்டனர். 4 என்ற எண்ணை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 100 என்ற எண்ணையோ 19,05,69,292 வகையாகப் பிரிக்கலாமாம். இதனை விரல்விட்டு எண்ணப் பிறவி ஒன்று போதுமா?

இந்நிலையில் 1917ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் நோய் பற்றியது. மருத்துவர் காசநோய் என ஐயுற்றனர். மார்பு நோய் என்றால் என்னவென்று நம் தங்கவயல் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மருத்துவ இல்லத்திலிருந்து மற்றொன்றிற்கு மாறி மாறிச் செல்லலானார். மெண்டிப் மலையில் அவர் தங்கிய மருத்துவ இல்லத்தின் தலைவர் சௌரி முத்து என்னும் தமிழ் மருத்துவர். நெவாசாக் கப்பலில் உடன் பயணம் செய்தவர். பின்னர் டெர்பிஷயர்ப் பகுதியில் மேட்லாக் என்ற ஊரில் நெடுங்காலம் இருந்தார். சாளரங்களைத் திறந்து குளிர்காற்றில் கிடத்துவதே அக்காலத்து மருத்துவம். குளிருக்கு அஞ்சிய தமிழருக்கு அது மருந்தாயிற்றா, தண்டனையாயிற்றா என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய நோய்க்குறிப்புகளை மிகப் பிற்காலத்தில் ஆராய்ந்த ஆங்கில மருத்துவர் ஒருவர், அது காசநோயன்று, இளமையில் கண்ட சீதபேதியின் தொடர்ச்சியாக ஈரலில் தங்கிய நோயாகவே இருந்திருக்க வேண்டும் என்று கருத்துரைத்தார்.

நோயினும் கொடியதொன்று கும்பகோணத்திலிருந்து வந்தது. அல்லது, வராமற்போனது என்றே சொல்ல வேண்டும். மாமியார் மருமகள் பிணக்கு முற்றியது. ஜானகி அம்மையார் கணவருக்கு எழுதிய கடிதங்களும், கணவர் அவருக்கு எழுதியனவும் கோமளத்தம்மாள் கையில் நின்றன. ஜானகி தம் தமையனார் இல்லத்திற்குச் சென்றுவிட்டார். மனைவி ஏன் எழுதவில்லை என்று கணவர் அங்கே வருந்த, கணவர் ஏன் எழுதவில்லை என்று மனைவி இங்கே வருந்தினார். வீட்டுச் செய்தி அறியாத மகன் வீட்டுக்கு எழுதுவதையும் குறைத்துக்கொண்டார். தாயின் அன்பை நான் குறை கூறவில்லை. மகனைப் பிறரோடு பங்கிட விரும்பாத அன்பும் அன்பே. ஆயினும் இங்கே அடுப்படியில் எழுந்த பூசல், ஆறாயிரம் மைலுக்கு அப்பால் நோயுற்றுக் கிடந்த ஒருவரின் உள்ளத்தைச் சுட்டது என்பதை மறைக்க இயலாது.

பெயரறியாத இரயில்வே ஊழியர்

1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்றை எழுதும்போது என் கை நடுங்குகிறது. இலண்டன் நிலத்தடி இரயில் நிலையம் ஒன்றில், வண்டி வரும் வேளையில், இராமானுஜன் தம் உயிரை மாய்த்துக்கொள்ளக் கருதித் தண்டவாளத்தில் விழுந்தார். அதனைக் கண்ட ஊழியர் ஒருவர் உடனே விசையைத் திருப்பினார். வண்டி சில அடித் தொலைவில் நின்றது. கால்களில் காயத்தோடு உயிர் தப்பினார். காவல்துறையினர் விசாரித்தபோது ஹார்டி விரைந்து சென்று அவரை மீட்டார். இச்செய்தியை ஹார்டி நெடுங்காலம் வெளியிடாது காத்து, பின்னர் வானியல் அறிஞர் சந்திரசேகர் அவர்களிடம் கூறினார். அவர் வாயிலாகவே உலகம் அறிந்தது.

விசையைத் திருப்பிய அவ்வூழியரின் பெயரை எந்நூலிலும் நான் கண்டதில்லை. விழுந்தவர் கணிதமேதை என்பது அவருக்குத் தெரியாது. ஒரு மனிதர் விழுந்தார் என்பதே தெரியும். இரயில்வேயில் உழைக்கும் நாங்கள் நாள்தோறும் ஆயிரம் முகங்களைக் காண்கிறோம். அவற்றுள் ஒரு முகத்தின் வாட்டத்தைக் கண்டுகொள்ளும் கண் எங்களுக்கு வேண்டும் என்பதை, அப்பெயரறியாத தோழர் எனக்குக் கற்பித்தார். நம் இல்லத்துப் பிள்ளைகளின் வாட்டத்தைக் காணும் கண்ணோ நம் அனைவருக்கும் வேண்டும்.

அதே ஆண்டில் பெருமைகள் அடுத்தடுத்து வந்தன. இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. அப்பேறு பெற்ற இரண்டாம் இந்தியர் அவர். அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரியின் பெல்லோவாகத் தேர்வு பெற்ற முதல் இந்தியருமானார். அதே ஆண்டு ஜூன் திங்களில் மற்றொரு சிறு நிகழ்ச்சியும் நடந்தது. முன்பு குரோம்வெல் சாலை விடுதியில் அறிமுகமான இராமலிங்கம் என்னும் தமிழ்ப் பொறியாளர், மேட்லாக்கிற்குத் தேடிச் சென்று இராமானுஜனைக் கண்டார். அவர் கணிதம் பேசச் செல்லவில்லை. உடல் மெலிவைக் கண்டார். என்ன உண்கிறார், எது பிடிக்கவில்லை என்று உசாவினார். உணவைப் பற்றி ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். இராயல் கழகத்தின் பெருமையோடு இதனையும் ஒருங்கே வைத்து எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

இலண்டனை அடுத்த பட்னியில் அவர் நோயுற்றிருந்தபோது, பார்க்க வந்த ஹார்டி, தாம் ஏறி வந்த மோட்டாரின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண் என்றும் கூறினார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதக்கூடிய எண்களுள் மிகச் சிறியது அதுவே எனப் படுத்தபடியே விடையிறுத்தார் இராமானுஜன். 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும், 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729 வரும்.

தாயகம் திரும்புதல்

போர் முடிந்தபின் 1919ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பம்பாய் வந்திறங்கினார். தாயும் தம்பியும் துறைமுகத்தில் நின்றனர். ஜானகி எங்கே என்பதே அவர் கேட்ட கேள்வி. செய்தி அறிந்து அம்மையார் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் ஓராண்டு அவரே உடனிருந்து பணிவிடை செய்தார். கொடுமுடி, கோயம்புத்தூர், கும்பகோணம் என இடம் மாற்றியும் நோய் தணியவில்லை. படுக்கையிலும் கணிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 32. அந்த இறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் 1976ஆம் ஆண்டில் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞரால் கண்டெடுக்கப்பட்டு, இன்றும் ஆராயப்பட்டு வருகின்றன. இளம் வயதில் கணவரை இழந்த ஜானகி அம்மையார் தையல் தொழில் செய்து திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, 1994ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஆங்கில நாட்டை விட்டு நீங்குமுன், 1919ஆம் ஆண்டு ஜனவரியில், சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பல்கலைக்கழகம் தமக்கு அளிக்க முன்வந்த தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் அளித்து, தம் செலவு போக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், ஆதரவற்றோர் ஆகியோரின் கல்விக்குப் பயன்படுத்த வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டார். பள்ளிச் சம்பளத்திற்கு அல்லற்பட்ட நாட்களை அவர் மறக்கவில்லை.

நிற்க. நம் பாட்டன்மார் வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் இவ்வயலுக்கு வந்தபோது, அவர்களும் அயலூர் வந்தவர்களே. தண்ணீர்க் குழாய் எங்கே, கூலி வாங்குமிடம் எங்கே, சுரங்கத்தில் இறங்கும்போது எங்கே கை வைக்கலாகாது என்று சொல்லிக் கொடுத்தவர்கள், அவர்களுக்கு முன்னே வந்த லைன்காரர்களே. முதல்நாள் இரவு பாய் விரிக்க இடம் தந்தவரும் அவர்களே. நம் சங்கம் பிறந்ததும் அத்தகைய தேவையினாலேயே.

இன்று அத்தேவை ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளின் பெயரும் ஊரும் எழுதிய பதிவேடு ஒன்று சங்கத்தில் வைக்கலாம். அங்கே முன்பே வாழும் நம் வயலார் எவரேனும் இருப்பின், அவர்களோடு இவர்களை இணைத்துவிடலாம். பதிவேடு எழுதுவது என் தொழில். அப்பணியை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். தொலைபேசியில் பிள்ளை நலம் என்று சொன்னால் அவ்வளவோடு நின்றுவிடாமல், இன்று என்ன சமைத்தாய், யாரோடு உண்டாய் என்று பெற்றோர் கேட்கட்டும். வீட்டுப் பூசலைக் கடல் தாண்டி அனுப்பாதிருக்கட்டும்.

என் மகளுக்கு விடை வருமோ வராதோ, அறியேன். வந்தால் அவள் போகட்டும் என்றே முடிவு செய்திருக்கிறேன். இக்கட்டுரையை நேற்றிரவு அவள் தாய்க்குப் படித்துக் காட்டினேன். முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. முடிந்தபின், அந்தக் கம்பளிச் செய்தியை மட்டும் மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னாள்; படித்தேன். இன்று காலை என் மகளை அடுப்படிக்கு அழைத்து ரசம் வைக்கக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!